என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை: லைப்ரரி பதிப்புச் சிக்கல்கள், கேள்வி பதில்

கேள்வி: அக்கா, லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரல் சர்வரில் நம்பை (எண் கணக்குகளுக்கான லைப்ரரி) பிழை காட்டுகிறது. இரண்டிலும் ஒரே ரெக்வயர்மென்ட்ஸ் கோப்புதான் (தேவையான லைப்ரரிகளின் பட்டியல்).

பதில்: கோப்பு ஒன்றுதான், சரி. அதில் வெறும் 'நம்பை' என்று மட்டும் இருந்தால், நிறுவுகிற நாளில் எது புதிதோ அது வந்து உட்காரும். லேப்டாப்பில் என்றோ போட்டது 1.26 ஆக இருக்கலாம். சர்வரில் 2 வந்திருக்கும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0 பைனரி இடைமுகத்தையே (கம்பைல் செய்த மாட்யூல்கள் அதோடு இணையும் முறையை) மாற்றியது. 1-ஐ வைத்து கம்பைல் செய்த மாட்யூல் 2-இல் ஏறாது.

பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி பிப். இரண்டு மெஷினிலும் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, வந்த பதிப்புப் பட்டியல்களை டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். நான் எப்போதும் முதலில் செய்வது இதுதான். ஒருமுறை 140 வரிகளில் மூன்றே மூன்றுதான் வேறுபட்டன. சிக்கல் செய்தது, நாங்கள் நேரடியாகக் கேட்காத, இரண்டு படி கீழே இருந்த ஒரு லைப்ரரி. ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

இப்போதைக்கு 'நம்பை<2' என்று, அதாவது 2-க்குக் கீழான பதிப்பு போதும் என்று, எழுதி வேலையை ஓட்டுங்கள். அப்புறம் யூவி, பொயட்ரி, பிப்-டூல்ஸ் ஏதாவது ஒன்றால் லாக் கோப்பு (எல்லா லைப்ரரிகளின் துல்லியமான பதிப்புகளையும் பதிந்து வைக்கும் கோப்பு) உண்டாக்கி, அதை நிரலோடு கிட்டில் (Git) சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: டெபியன் 12 லினக்ஸில் 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட்' என்று பிப் மறுக்கிறது. சுடோ (நிர்வாகி அனுமதி) போட்டும் நடக்கவில்லை.

பதில்: மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான். அந்தப் பைத்தானை நம்பி சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் ஓடுகின்றன. வென்வ் (பிராஜெக்ட்டுக்கென்று தனியான பைத்தான் சூழல்) உண்டாக்கி அதற்குள் நிறுவுங்கள். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷனைத் தொடாதீர்கள். என்ன நடக்கும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது.

கேள்வி: ஒரு லைப்ரரிக்கு இன்னொன்றின் 1-ஆம் பதிப்பு வேண்டும், வேறொன்றுக்கு அதே லைப்ரரியின் 2 வேண்டும். இரண்டையும் வைக்க முடியாதா?

பதில்: நோடில் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) முடியும்; ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதனதன் நோட்-மாட்யூல்ஸ் அடைவுக்குள் தனிப் பிரதி இருக்கலாம். பைத்தானில் ஒரு பிராசஸில் ஒரு பெயருக்கு ஒரே மாட்யூல்தான்.

யார் எதைக் கேட்கிறார்கள் என்று 'பிப்டெப்ட்ரீ' போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 1-ஐக் கேட்கும் லைப்ரரியின் புதிய பதிப்பு 2-ஐ ஏற்கத் தொடங்கியிருக்கும். இல்லையென்றால் இரண்டு வென்வ், இரண்டு பிராசஸ் என்று பிரித்துவிடுங்கள். பழைய பிராஜெக்ட் திடீரென்று நிறுவ மறுக்கிறது என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்: 2020 நவம்பரில் பிப் 20.3 வரும்வரை, இப்படிப்பட்ட முரணைப் பிப் கண்டுகொள்ளாமல் நிறுவிவிடும்.

கேள்வி: சுடோ பிப் போட்டால் என்ன தப்பு? என் மெஷின்தானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வென்வ்.

கேள்வி: உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்ததை 20.04-இல் ஓட்டினால் 'ஜிலிப்சி 2.34 இல்லை' (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) என்கிறது. புதிய ஜிலிப்சி கோப்பை நகலெடுத்து வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நிரல்களை ஏற்றும் லோடரும் ஜிலிப்சியும் பொருந்தாமல் போனால், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கூட ஓடாத நிலை வரும். 22.04-இல் இருப்பது 2.35, 20.04-இல் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். திருப்பிப் போட்டால் ஓடாது. இருப்பதிலேயே பழைய மெஷினில் கட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே இமேஜாக (பொதியாக) கட்டி, கண்டெய்னராக ஓட்டும் டாக்கரில் போட்டால் எல்லாம் தீர்ந்தது. லாக் கோப்பே வேண்டாம்.

பதில்: ஜிலிப்சி சிக்கலை டாக்கர் தீர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் டாக்கர்ஃபைலில் 'பிப் இன்ஸ்டால் நம்பை' என்றுதானே எழுதுவீர்கள்? இமேஜ் கட்டுகிற நாளில் எது புதிதோ அதுதான் வரும். முதல் கேள்வியின் அதே சிக்கல்.

கேள்வி: (அவரே) ஒருமுறை கட்டிய இமேஜையே எல்லா மெஷினிலும் இழுத்தால்?

பதில்: மறுபடி கட்டாதவரை சரி. ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். அன்று அந்த ஒரு திருத்தத்தோடு இருபது லைப்ரரிகள் சேர்ந்து மாறும். எது உடைத்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். டேகும் (இமேஜுக்கு வைக்கும் பதிப்புப் பெயர்) நிலையானதல்ல. '3.12-ஸ்லிம்' என்ற அதே டேக் அடுத்த மாதம் வேறு இமேஜைக் காட்டலாம். அப்புறம் எம்1 மேக்கில் கட்டிய ஆர்ம் இமேஜ் இன்டெல் சர்வரில் அப்படியே ஓடாது. ஜிபியு டிரைவரும் இமேஜுக்குள் இல்லை, அது ஓடுகிற மெஷினுடையதுதான். கண்டெய்னரும் வேண்டும், அதற்குள் லாக் கோப்பும் வேண்டும்.

கேள்வி: என்பிஎம்மில் (நோடின் லைப்ரரி நிறுவி) லாக் கோப்பு இருந்தும் சர்வரில் மாறுகிறது.

பதில்: சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். அது லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும்.

கேள்வி: விண்டோஸில் ஒரு கேம் திறந்தால் டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரி கோப்பு) இல்லை என்கிறது.

பதில்: அது என் துறை இல்லை. கேமை வெளியிட்டவர்களின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். கண்ட தளத்திலிருந்து டிஎல்எல் மட்டும் இறக்காதீர்கள்.

கேள்வி: சுடோ பிப்...

பதில்: வென்வ்.

கேள்வி: (டாக்கர்காரர்) சரி, லாக் கோப்பு சேர்த்துவிட்டேன். டேகுக்குப் பதிலாக என்ன எழுதுவது?

பதில்: மகிழ்ச்சி! 'டாக்கர் இமேஜஸ் --டைஜெஸ்ட்ஸ்' கொடுங்கள். ஷா256 என்று தொடங்கும் நீண்ட எண் வரும். டாக்கர்ஃபைலின் ஃப்ரம் (FROM) வரியில் இமேஜ் பெயருக்குப் பின் @ போட்டு அதை முழுதாக ஒட்டுங்கள்.