ஏரிக்கரைக்குப் போகும் பாதையை மனைப்பிரிவு அடைத்தால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை ஒட்டி எனக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஊரார் ஏரிக்கரைக்குப் போய்வந்த வண்டிப்பாதையை, பக்கத்து நிலத்தில் மனைப்பிரிவு போட்டவர் சென்ற ஆண்டு இரும்புக் கதவு வைத்து அடைத்துவிட்டார். ஊராட்சியோ நடைபாதை அமைக்க என் நிலத்தில் பத்தடி விடச் சொல்கிறது. கடற்கரையைப் போல ஏரியிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்ற தடை இல்லையா? ஏரி உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், என் தந்தை காலம் முதல் பயிர் வைத்துவரும் சிறு துண்டுக்குச் சிக்கல் வருமா? - வாசகர், காட்பாடி வட்டம்

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து மனைக்காரர் மீது நீங்கள் மனுக் கொடுத்தால் நில அளவர் வருவார். அவர் அளப்பது இரும்புக் கதவோடு நின்றுவிடாது. ஏரி உள்வாய் அரசு நிலம் என்பதை 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவே சொல்கிறது. ஆண்டுதோறும் பி மெமோ (ஆக்கிரமிப்புக்கான வருவாய்த்துறை அறிவிப்பு) வாங்கித் தண்டத்தீர்வை, அதாவது அதற்கான அபராத வரி, கட்டிய ரசீதுகள் இருந்தாலும், அவை நீங்கள் ஆக்கிரமித்திருந்தீர்கள் என்பதற்குச் சான்றாகுமே தவிர, உரிமைப் பத்திரம் ஆகா. குளம் குட்டைகள் ஊர்ப் பொதுச்சொத்து, அவற்றைத் தனியாருக்கு ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் தீர்ப்பளித்தபின், இத்தகைய நில அனுபவத்தைச் சட்டப்படியானதாக வரன்முறைப்படுத்தக் கேட்பது வீண் செலவு. இந்தப் போகம் அறுவடையானதும் அந்தத் துண்டை விட்டு வெளியேறிவிட்டு, அதை வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உங்கள் கை சுத்தமானால்தான் மற்ற மனுக்கள் நிற்கும்.

200 மீட்டர் தடை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளிலிருந்து வந்தது. 2011, 2019ஆம் ஆண்டுகளின் அந்த அறிவிக்கைகள் கடலுக்கும், கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம் போன்ற நீர்நிலைகளுக்கும் மட்டுமே உரியவை. வேலூர் மாவட்டத்து ஏரி எதற்கும் பொருந்தாதவை. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளும் பாசனத்துக்கென்றே வெட்டிய ஏரிகளை விலக்கிவிட்டன. ஆனால் அரசு நீர்நிலைகளை மக்களுக்காக அறங்காவலர் போல வைத்திருக்கிறது என்ற கோட்பாடு கடலுக்கும் ஏரிக்கும் ஒன்றுதான். நமக்குப் பக்கத்துத் திருப்பதியில் அவிலாலா, பேரூரு ஏரிகளில் வீடுகள் எழுந்த வழக்கில், 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டை வலியுறுத்தியது. ஆயினும் ஏற்கெனவே கட்டியவற்றை இடிக்கச் சொல்லாமல், மேற்கொண்டு கட்டத் தடையும் மழைநீர் சேமிப்பு நிபந்தனைகளும் விதித்தது. கட்டிடம் எழுந்த பிறகு நீதிமன்றம் ஏறினால் பெரும்பாலும் இப்படிப்பட்ட சமரசமே மிஞ்சும் என்பதால், அஸ்திவாரம் விழுமுன் மனுக் கொடுப்பது நல்லது.

பாதைக்கு வருகிறேன். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணின் அளவு வரைபடம்), 'அ' பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் காட்டும் வருவாய்ப் பதிவேடு) ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்கிப் பாருங்கள். அது பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் கதவுக்கு இடமே இல்லை. மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்; அங்கீகாரம் பெறும்போது உட்சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுப்பது நடைமுறை. அப்படி எழுதிக் கொடுத்த சாலைக்குப் பிறகு 'ஏரிக் காட்சி நகர்' என்று பெயர்ப்பலகை வைத்தாலும், பூட்டுப் போடும் உரிமை மனை விற்றவரிடம் இல்லை. பாதை பக்கத்துப் பட்டாவுக்குள் ஓடியதாகத் தெரிந்தால் வேறு வழி: பிறர் நிலத்தின் வழியே போய்வருவது போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, உரிமையாக, தடையின்றி 20 ஆண்டுகள் பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும், அந்த 20 ஆண்டு, வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்கவும் வேண்டும். கதவு வைத்தது சென்ற ஆண்டு என்பதால் உங்களுக்குக் காலம் குறைவு.

நடைபாதைக்காக உங்கள் பட்டாவில் பத்தடியை வாய்மொழியாகக் கேட்டு எடுத்துக்கொள்ள ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. சட்டத்தின் அதிகாரமின்றிச் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300-அ பிரிவு. நீங்கள் விரும்பித் தானமாகவோ விலைக்கோ கொடுக்கலாம். இல்லையேல் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு கொடுத்து எடுக்க வேண்டும். கரையை அகலப்படுத்தி பேவர் பிளாக் பதித்துவிட்டால் ஏரியைக் காப்பாற்றியதாகிவிடும் என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. கரை நீரைத் தாங்குவதற்கு என்பதால், மதகையும் கலிங்கையும் (மிகைநீர் வழியும் இடம்) பராமரிப்பவரின் இசைவு இல்லாத திட்டத்துக்கு நீங்கள் கையெழுத்திட வேண்டாம்.

பராமரிப்பவர் யார் என்பதிலும் கவனம் தேவை. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையிடமும் இருக்கும். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பின்னதற்கே பொருந்தும். முதலில் வட்டாட்சியரிடம் அளவைக் கட்டணம் கட்டி எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். பொதுப்பாதை அடைபட்டது உறுதியானால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் தடையை அகற்றக் கோரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவுதான் இது. அங்கே தாமதமானால், ஊரார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இருவராக, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். அரசும் எதிர்வாதியானால் 80ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், அந்த அறிவிப்பை வட்டாட்சியர் மனுவோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.