டைப்ஸ்கிரிப்ட் ஃபுல்-ஸ்டாக் ப்ராஜெக்ட்ல "ஷேர்டு" ஃபோல்டர் எதுக்கு?

ஃபுல்-ஸ்டாக்னா பெருசா ஒண்ணுமில்ல, யூசர் பாக்குற ஸ்கிரீன் பக்கம், டேட்டாவ எடுத்துக் குடுக்குற சர்வர் பக்கம், ரெண்டையும் சேத்து செய்யறதுதான். டைப்ஸ்கிரிப்ட்ல (ஜாவாஸ்கிரிப்டோட டைப் சேத்த மொழி) சின்னதா ஆரம்பிக்க மூணு ஃபோல்டர் போதும்: கிளையன்ட், சர்வர், ஷேர்டு. முதல் ரெண்டையும் எல்லாரும் போட்டுடுவாங்க, மூணாவதத்தான் விட்டுடுவாங்க, ஆனா விஷயமே அங்கதான் இருக்கு.

சர்வர் ஒருத்தரோட பேர "நேம்"னு அனுப்புது, ஸ்கிரீன் பக்கம் "யூசர்நேம்"னு தேடுதுன்னு வைங்க, பல நேரம் எர்ரர்கூட வராது, பேர் வரவேண்டிய எடம் சும்மா காலியா கெடக்கும், அத கண்டுபிடிக்கவே பாதி நாள் போயிடும் (எனக்குப் போயிருக்கு). டேட்டால என்னென்ன பேர்ல என்ன இருக்கும்னு சொல்ற டைப்ப ஷேர்டுல ஒரே தடவ எழுதி ரெண்டு பக்கமும் இம்போர்ட் பண்ணிட்டா, அங்க பேர மாத்தின உடனே அத யூஸ் பண்ற எடத்துலல்லாம் எடிட்டர்லயே சிவப்புக் கோடு வந்து நிக்கும்.

தையல் கடை அளவு நோட்டு மாதிரிதான் இது. அளவு எடுக்குறவர்கிட்ட ஒரு நோட்டு, துணி வெட்டுறவர்கிட்ட வேற நோட்டுன்னா சட்டை எப்படி வரும்?

அப்புறம் டிஎஸ்கான்ஃபிக் ஃபைல்ல (டைப்ஸ்கிரிப்டோட செட்டிங்ஸ் இருக்குற ஃபைல்) ஸ்ட்ரிக்ட்ட, அதாவது டைப்ப கறாரா செக் பண்ற செட்டிங்க, முதல் நாளே ட்ரூ போட்டுடுங்க, ப்ராஜெக்ட் வளந்தப்புறம் போட்டா எர்ரரா கொட்டும்.

டைப் எழுதியாச்சு, இனி தப்பான டேட்டா உள்ள வராதுன்னு நெறைய பேர் நெனச்சுக்கறாங்க, அப்படி இல்லங்க, ஜாவாஸ்கிரிப்டா மாறும்போதே அந்த டைப்பெல்லாம் அழிஞ்சிடும், அதனால வெளியிலருந்து வர்ற டேட்டாவ சர்வர்ல தனியா செக் பண்ணித்தான் ஆகணும்.