30 ஆண்டுக்கு வளாக மாஸ்டர் பிளான் போடுவதில் அர்த்தம் உண்டா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் அடுத்த 30 ஆண்டுக்கான வளாக மாஸ்டர் பிளான் தயாரிக்கக் குழு போட்டிருக்கிறார்கள். பாடம் நடத்துகிற என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அப்போது எந்தத் துறை இருக்கும், எது இருக்காது என்றே தெரியாத நிலையில் இப்படி ஒரு திட்டம் போட்டு என்ன பயன்?

பயன் உண்டு. ஆனால் எந்தக் கட்டடம் எங்கே வரும் என்று எழுதும் பக்கங்களில் அதைத் தேடாதீர்கள். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில் வேலை பார்க்கும் சிவில் இன்ஜினியர். இந்த மாதிரிக் குழுக்களுக்கு வரைபடம் எடுத்துக்கொண்டு போய் உட்காருகிற ஆள். எங்கே கட்டடம் வரவே கூடாது என்று எழுதிவைக்கிற பக்கம்தான் மாஸ்டர் பிளானிலேயே நீண்ட நாள் உழைக்கிறது என்பது என் கட்சி.

காரணம் எளிது. கட்டடம் திட்டப்படி வருவதில்லை, பணம் வரும்போது வருகிறது. திடீரென்று ஒரு நிதி ஒதுக்கீட்டு ஆணை வரும், நிதியாண்டு முடிவதற்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. இல்லையென்றால் பழைய மாணவர் ஒருவர் நன்கொடை தர முன்வருவார், கட்டடம் பிரதான வாசலிலிருந்து தெரிய வேண்டும் என்பார். அந்த வாரத்தில் யாரும் முந்நூறு பக்க அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். சும்மா கிடக்கிற இடம் எது என்றுதான் கண் போகும். சும்மா கிடக்கிற இடம் ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டால் பாதி நேரம் பதில் இருக்கும். மழைநீர் வடியும் பள்ளமாக இருக்கும், அல்லது அடியில் ஏதாவது குழாய் ஓடும்.

நான் பார்த்த ஒரு விடுதி அப்படித்தான் பழைய கழிவுநீர் மெயின் லைன் மேல் எழும்பியது. லைனைச் சுற்றிக் கொண்டுபோகலாம் என்றால் போதுமான சரிவு கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு மேன்ஹோல் சமையலறையின் பின்கட்டுக்குள் மாட்டிக்கொண்டது. அடைப்பு எடுக்க வருகிறவர்கள் பாத்திரம் கழுவும் தொட்டியைத் தாண்டித்தான் கம்பும் கயிறுமாக உள்ளே போக வேண்டும். மூடியைத் திறந்துவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் அந்தக் குழாய் வரைபடத்தில் இருந்தது. இதன் மேல் கட்டக்கூடாது என்ற விதிதான் எங்கேயும் இல்லை.

துறைகள் மாறுமே என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1880களில் ஃபிரெட்ரிக் லா ஓம்ஸ்டெட் என்ற நிலவெளி வடிவமைப்பாளர் அதற்குத் திட்டம் போட்டார். நடுவில் ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம் வைத்த கட்டடங்கள். பல்கலைக்கழகம் வளர வளர இதே மாதிரி முற்றங்கள் கிழக்கிலும் மேற்கிலுமாகச் சேர்ந்துகொண்டே போகலாம் என்பது ஏற்பாடு. 1891இல் பல்கலைக்கழகம் திறந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு அங்கங்கே கட்டினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துத் திரும்பி அதற்கே வந்து, மேற்குப் பக்கம் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் முற்றங்கள் அமைத்தார்கள். நானோ ஆய்வகம் என்று ஒன்று வரும் என ஓம்ஸ்டெட்டுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் எந்தத் திசையில் வளர வேண்டும், எதைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பதைச் சொல்லிவைத்தார். அது போதுமானதாக இருந்தது.

கட்டடத்துக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் 1943இல் ரேடார் ஆய்வுக்காக அவசரமாக மரத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். 20ஆம் எண் கட்டடம். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகப் பேச்சு. 1998 வரை நின்றது. தடுப்பை எடுக்கவோ சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுக்கவோ யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதால் ஆய்வாளர்களுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். அதற்காக எல்லாவற்றையும் மரத்தில் கட்டச் சொல்லவில்லை. இன்றைய துறைத்தலைவரின் அறை அளவுக்குத் தூண்களை நிறுத்தினால் அடுத்தவர் வரும்போது இடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

வரைபடமே வேண்டாம், கொள்கைகள் போதும், வளாகத்தைப் பயன்படுத்துகிறவர்களே சின்னச் சின்னதாக முடிவெடுத்து வளர்க்கட்டும் என்று 1970களில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வழி சொன்னார். எனக்கு அதில் பாதி பிடிக்கும். மரத்தடியில் பெஞ்சு எங்கே, நடைபாதை எங்கே என்பதை அங்கே நடக்கிறவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் குடிநீர் மெயினையும் உயர்அழுத்த கேபிளையும் சின்னச் சின்னதாக வளர்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிளம்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், குழு கூடிய முதல் நாளே எல்லாத் துறையும் "எங்களுக்கு இடம் போதவில்லை" என்று எழுதிக் கொடுக்கும். நம்புங்கள், ஆனால் போய் எண்ணிப் பாருங்கள். ஒரு சாதாரண வேலை நாளில் காலை பதினொரு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஒவ்வொரு வகுப்பறையையும் எட்டிப் பார்த்தால் போதும். காலையில் நாற்காலி கிடைக்காத அதே தாழ்வாரத்தில் மாலையில் வரிசையாகப் பூட்டுத் தொங்கும். அறுபது பேர் உட்காரும் அறையில் இருபது பேர் இருப்பார்கள். டைம்டேபிளை மாற்றித் தீர்க்க வேண்டிய சிக்கலுக்குக் கான்கிரீட் ஊற்றுவதில்தான் நிறையப் பணம் போகிறது.

உண்மையாகவே கட்ட வேண்டியிருந்தால் கணக்கில் ஒன்றை மறக்காதீர்கள். 100 சதுர மீட்டர் கட்டினால் வகுப்புக்கும் லேபுக்கும் கிடைப்பது பெரும்பாலும் 60, 65 தான். மிச்சத்தைச் சுவர், படிக்கட்டு, தாழ்வாரம், கழிப்பறை, மின் அறை எல்லாம் சாப்பிட்டுவிடும்.

தூரமும் முக்கியம். இரண்டு வகுப்புக்கு நடுவே 10 நிமிடம் இடைவெளி என்று வையுங்கள். சாதாரணமாக நடந்தால் நிமிடத்துக்கு 80 மீட்டர், ஆக 800 மீட்டர். படி இறங்கி ஏற வேண்டும், வாசலில் நெரிசல் இருக்கும். அதைக் கழித்தால் வகுப்பறைகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருப்பதுதான் நியாயம். அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிலம் பொன். விருந்தினர் மாளிகை, ஸ்டோர், அச்சகம், வாகனக் கொட்டகை இதெல்லாம் அதற்குள் இருந்தால் மெல்ல வெளியே நகர்த்தத் திட்டம் வையுங்கள். பார்க்கிங்கை அங்கே தாற்காலிகமாக விட்டுவைக்கலாம். நாளைக்கு எடுப்பது சுலபம்.

குழுவில் உங்கள் முறை வரும்போது முதலில் தரைக்கு அடியில் என்னென்ன ஓடுகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். "பழையது ஒன்று இருக்கிறது, தேடித் தருகிறோம்" என்ற பதில் வந்தால், புதிதாக அளந்து எடுத்த பிறகு மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லுங்கள். அதை வைத்துக் கட்டக்கூடாத இடங்களைச் சிவப்பில் குறித்து, அந்தக் கோட்டை மாற்றும் அதிகாரம் எந்தத் தனி அதிகாரிக்கும் இல்லை, ஆட்சிக்குழுவுக்கு மட்டும்தான் என்று ஒரு வரி சேர்க்கப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை பார்க்கட்டும், மாற்றினால் காரணத்தை மினிட்ஸில் எழுதட்டும். ஒருவர் கையெழுத்தில் மாறும் என்றால் சிவப்புக் கோடு அடுத்த நிதியாண்டுக்குள் நகர்ந்துவிடும். பத்துப் பேர் கூடிக் காரணம் எழுத வேண்டும் என்றால், பெரும்பாலும் அதற்குள் வேறு இடம் கிடைத்துவிடும்.