மறைக்க வேண்டியதையே படம் பிடிக்கிற பையன்

கேள்வி: டீன் ஏஜ் பிள்ளைகளைப் பற்றிய சூப்பர் ஹீரோ படங்களுக்கு, பாத்திரங்களே கேமராவை வைத்துக்கொண்டு எடுத்ததுபோல் காட்டும் ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ பாணி ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் பாதிப் படத்துக்குத்தான். ஒரு பிள்ளைக்குச் சக்தி கிடைத்து, அதை யாரிடம் சொல்வது, என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தவிக்கிற வரைக்கும் இதைவிடப் பொருத்தமான பாணி எனக்குத் தெரிந்து கிடையாது. அவன் தெருவில் இறங்கிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டால் அதே கேமரா படத்துக்குப் பாரமாகிவிடும்.

இந்தப் பேச்சில் முதலில் வரவேண்டிய படம் 2012இல் வந்த ‘க்ரானிக்கிள்’. ஜோஷ் ட்ராங்க் இயக்கியது, பொருட்களைத் தொடாமலே நகர்த்தும் சக்தி கிடைத்த பள்ளிக்கூடப் பையன்களின் கதை. (பார்க்காதவர்கள் கவனம், முடிவு வரை பேசப்போகிறேன்.) கதை நடப்பது அமெரிக்காவின் சியாட்டிலில், ஆனால் படப்பிடிப்பு பெரும்பாலும் இங்கே தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனில் நடந்தது. நாங்கள் இருப்பது டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில். அந்தச் செய்தியைச் சொன்னதும் என் 15 வயது மகன் கேப் டவுனின் டேபிள் மலை எங்காவது தெரிகிறதா என்று படம் முழுக்கத் தேடினான், ஒரு இடத்திலும் அகப்படவில்லை.

படத்தின் ஆரம்பமே ஒரு பூட்டிய அறை. ஆண்ட்ரூ என்ற பையன் கண்ணாடியைப் பார்த்துக் கேமராவை வைத்திருக்கிறான், வெளியே குடித்துவிட்டு வந்த அப்பா கதவைத் தட்டுகிறார், ஏன் பூட்டினாய் என்று கத்துகிறார். இனிமேல் எல்லாவற்றையும் படம் பிடிக்கப்போகிறேன் என்று சொல்கிறான் பையன். அவ்வளவுதான், அவன் ஏன் கேமராவைக் கீழே வைக்கமாட்டான் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. இந்தப் பாணியில் வரும் எந்தப் படத்திலும் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘ஆபத்து வருகிறதே, இன்னுமா படம் எடுத்துக்கொண்டிருக்கிறாய்?’ என்பதுதான். இங்கே கேமராதான் அவனுக்குக் கவசம். அதை வைத்துவிட்டால் அப்பாவின் அடி நேராக அவன்மேல் விழும், பள்ளிக்கூடத்துக் கேலியும் அப்படித்தான்.

டீன் ஏஜ் என்பதால் ஒட்டுகிறது என்று நான் சொல்வது இதனால்தான். அந்த வயதில் நம்மை யாராவது பார்க்கவேண்டும் என்றும் இருக்கும், யாரும் பார்த்துவிடக்கூடாது என்றும் இருக்கும். சூப்பர் ஹீரோவுக்கு ரகசியம்தான் உயிர். இந்தப் பையனோ மறைக்க வேண்டியதைத் தன் கையாலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறான், அந்த டேப் யார் கையில் கிடைத்தாலும் அவன் கதை முடிந்தது. இந்தப் பதற்றத்தைச் சாதாரணமாக எடுத்த படத்தில் கொண்டுவருவது கஷ்டம், ஏனென்றால் அங்கே கேமரா என்று ஒன்று இருப்பதே நமக்கு நினைவில் இருக்காது.

போன மாதம் என் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து ஏழு நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். இங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதில் போனைச் சாய்த்துவிட்டு, துணி காயப்போடும் கம்பியிலிருந்து தூண்டில் நரம்பில் ஒரு டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டார்கள். பையன் கையை நீட்டுகிறான், பந்து மெல்ல ஆடி நிற்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தால் நரம்பு பளிச்சென்று தெரிந்திருக்கும். சாயங்கால இருட்டில் போன் கேமரா தடுமாறி எடுத்ததால் ஒன்றுமே தெரியவில்லை, பந்து உண்மையாகவே அந்தரத்தில் நின்றது! அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு ஆயா கரண்டியோடு பின்வாசலில் வந்து, “என்னா பண்றீங்க இருட்ல, வாங்க சாப்ட” என்று கூப்பிட, இரண்டு பையன்களும் பந்தைப் பிடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். யாரும் எழுதிக் கொடுத்த காட்சி இல்லை அது. ஆனால் அந்த ஏழு நிமிடத்தில் என் நெஞ்சு படபடத்த இடம் அது ஒன்றுதான்.

‘க்ரானிக்கிள்’ படத்திலும் நல்ல இடங்கள் இப்படிச் சின்னச் சின்னவைதான். லெகோ துண்டுகளைத் தொடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, கடைக்கு வெளியே ஒரு காரை அதன் இடத்திலிருந்து நகர்த்திவைத்து அதன் சொந்தக்காரர் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பது, இதெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகள் நிஜமாகவே செய்யக்கூடியவை. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யோசனை. சக்தி கூடக் கூட ஆண்ட்ரூ கேமராவைக் கையால் பிடிப்பதை விட்டுவிடுகிறான், அது தானாக மிதந்து அவனைச் சுற்றி வருகிறது. இந்தப் பாணியின் பெரிய குறையே எடுப்பவன் முகம் தெரியாது என்பது. அதை அவனுடைய சக்தியாலேயே தீர்த்துவிட்டார்கள், அதோடு இத்தனை நாள் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் முன்னால் வந்து நிற்கிறான் என்பதும் வசனம் இல்லாமலே தெரிந்துவிடுகிறது.

கடைசி அரைமணி நேரம்தான் பிரச்சினை. சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில் சண்டை நடக்கிறது. அங்கே இருப்பவர்களின் போன்களையும் கேமராக்களையும் ஆண்ட்ரூ பிடுங்கித் தன்னைச் சுற்றி மிதக்கவிடுகிறான், போதாததற்கு சிசிடிவி, போலீஸ் எடுத்தவை, ரோட்டில் நிற்பவர்கள் எடுத்தவை என்று எல்லாம் மாறி மாறி வருகின்றன. அந்த மிதக்கும் போன்கள் அருமையான யோசனை, அதை மறுக்கவில்லை. ஆனால் இத்தனை இடத்திலிருந்து எடுத்ததையெல்லாம் யார் சேகரித்து, யார் வெட்டி ஒட்டினார்கள் என்ற கேள்வி அந்த இடத்தில் எனக்கு வந்துவிட்டது. அது வந்துவிட்டால் பையனோடு அறைக்குள் இருந்த உணர்வு போய்விடும். என் மனைவிக்கு ஆடுகிற காட்சிகளைப் பார்த்தால் தலை சுற்றும், அந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள்.

1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ இதே பாணியில் கடைசி நொடி வரை நின்றதற்குக் காரணம், அங்கே பேயைக் காட்டவே வேண்டியதில்லை. காட்டாமல் விட விடப் பயம் கூடும். சக்தி அப்படி இல்லை, அதைக் கண்ணால் பார்க்கத்தானே வருகிறோம்? அதனால் பேய்ப் படத்துக்குச் சரியாக இருந்தது இங்கேயும் முழுசாகச் சரிவரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

செலவு குறைவு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ‘க்ரானிக்கிள்’ சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்து 12 கோடிக்கு மேல் வசூலித்தது. அதற்காக மட்டும் இந்தப் பாணியை எடுத்தால் படம் நிற்காது.

என்னைக் கேட்டால் இந்தப் பாணியைப் படத்தின் பாதியில் விட்டுவிடலாம், தப்பே இல்லை. எங்கள் நாட்டு ஜோஹன்னஸ்பர்க்கில் நடக்கும் ‘டிஸ்ட்ரிக்ட் 9’, 2009இல் வந்தது. பேட்டி, செய்தி, கண்காணிப்புக் கேமரா என்று ஆவணப்படம்போல் ஆரம்பிக்கும், நாயகனின் உடம்பு மாறத் தொடங்கியதும் சத்தமில்லாமல் சாதாரணக் கேமராவுக்கு மாறிவிடும். என்னோடு பார்த்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. 2017இன் ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்திலும் ஆரம்பத்தில் பீட்டர் தன் போனில் எடுத்த வீடியோ கொஞ்ச நேரம் வரும். அந்தக் கொஞ்சத்திலேயே அவன் எவ்வளவு சின்னப் பிள்ளை என்பது தெரிந்துவிடும், அதற்குமேல் அந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை.

இன்னொன்று. 2012இல் பள்ளிக்கூடத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், அதில்தான் அவன் தனிமை தெரிந்தது. இன்றைக்கு எல்லாப் பிள்ளையும் எடுக்கிறது. நான் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன், அங்கே 13 வயதுப் பெண் ஒருத்தி இடைவேளையில் தன்னை வீடியோ எடுப்பாள், ஒருமுறை பார்ப்பாள், அழித்துவிடுவாள், மறுபடி எடுப்பாள். யாருக்கும் அனுப்பமாட்டாள். இனி இப்படி ஒரு படம் எடுப்பவர்கள் அவளிடமிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். எடுத்ததை வைத்திருக்கிற பிள்ளையை ‘க்ரானிக்கிள்’ காட்டிவிட்டது. எடுத்து அழிக்கிற பிள்ளைக்குச் சக்தி வந்தால் எதை அழிப்பாள், எதை மட்டும் அழிக்க மனசு வராமல் வைத்துக்கொள்வாள்? அந்தப் படம் வந்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டுப் படம் இன்னும் முடியவில்லை. ஆயா வரும் இடத்தை வெட்டிவிடலாமா என்று மகன் நேற்று கேட்டான், கதைக்குச் சம்பந்தமில்லையாம். வெட்டாதே என்று சொல்லி, பந்தைச் சட்டைக்குள் ஒளிக்கிற அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டிக் காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு சுவரேறிக் குதித்துப் போனான்.