வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டைக் குளிர்காலத்துக்கு எப்படித் தயார் செய்வது? ஹீட்டர் வைக்க வேண்டுமா?

டொராண்டோ பக்கம் புதிதாக வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் ஒரு தகர ஷெட் இருக்கிறது. முதல் குளிர்காலம் என்பதால் உள்ளே ஹீட்டர் வைக்க வேண்டுமா, கறிவேப்பிலைத் தொட்டியை அங்கே வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹீட்டர் வேண்டாம். கறிவேப்பிலைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் டொராண்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறேன். எங்கள் வீட்டோடு வந்ததும் எட்டுக்குப் பத்து அடி தகர ஷெட்தான். முதல் வருடம் அதற்கு நான் செய்த ஏற்பாட்டை அப்படியே தலைகீழாகச் செய்தால் போதும், உங்கள் ஷெட் நன்றாக இருக்கும்.

ஊரில் ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்வதென்றால் ஓட்டை உடைசலை அடைப்பதுதானே? அதே நினைப்பில் ஒரு சனிக்கிழமை டேப், ஃபோம், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் வாங்கி வந்து, கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் இருந்த காற்றுத் திறப்புகளை முதல் வேலையாக ஒட்டி மூடினேன். பக்கத்து வீட்டு அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், “இதென்ன தம்பி, உதுக்குள்ள ஆர் படுக்கப் போகினம்?” என்றார். குளிர் உள்ளே போகாமல் இருக்கத்தான் அண்ணா என்றேன். “குளிர் போனாப் போகட்டும். ஈரம் வெளியில வர வேணுமெல்லே?” என்று சொல்லிவிட்டு இலை கூட்டப் போய்விட்டார். எனக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது மார்ச்சில். கதவைத் திறந்ததும் தலையில் சொட்டு விழுந்தது. வெளியே நல்ல வெயில், உள்ளே மழை. நடந்தது இதுதான். கடைசியாகப் புல் வெட்டிய மெஷினை ஈரத்தோடு உள்ளே தள்ளியிருந்தேன். தரைப் பலகைக்குக் கீழே ஈர மண். அந்த ஈரம் காற்றில் ஏறி, போக வழியில்லாமல், தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் உறைபனியாகப் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. பழைய ஃப்ரீசருக்குள் படியுமே, அதே மாதிரி. வெயில் ஏறிய நாட்களில் அது உருகிக் கீழே இருந்த சாமான்கள் மேல் கொட்டியிருக்கிறது. இங்கே குளிர்காலம் முழுக்க வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் கீழும் போய்ப் போய் வரும். அதனால் உறைவதும் உருகுவதும் எத்தனை முறை நடந்ததோ.

கீழே இருந்த சாமான்களில் ஒன்று என் மனைவியின் கொலு பொம்மைப் பெட்டி. நவராத்திரி முடிந்ததும் நான்தான் பெரிய மனதோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அட்டைப் பெட்டியின் அடி ஊறித் தரையோடு ஒட்டியிருந்தது. காகிதக்கூழ் பொம்மைகள் உப்பி, வண்ணம் பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. மாமியார் கொடுத்த செட்டியார் பொம்மையின் வயிற்றில், சுற்றி வைத்த செய்தித்தாளிலிருந்து ஒரு நகைக்கடை விளம்பரம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று கண்ணாடியில் காட்டிப் படித்தோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவிக்கு அந்தச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆக, ஷெட்டுக்குக் குளிர் எதிரியே இல்லை. கடப்பாரையை மைனஸ் 20 என்ன செய்துவிடும்? எதிரி ஈரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் தானாகவே தெளிவாகிவிடும்.

காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். எலி வராமல் இருக்க உள்பக்கம் கம்பிவலை மட்டும் அடியுங்கள். ஈரமாக எதுவும் உள்ளே போகக் கூடாது. தார்ப்பாய், குடை, கூடாரம் எல்லாம் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான். அட்டைப் பெட்டி கூடவே கூடாது, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிதான். அதையும் தரையில் வைக்காமல் மரப் பேலட் மேல், சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள்.

ஓட்டை கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. நல்ல பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் வேலை இருக்கிறது. மேலே தெரிந்தால் தண்ணீர் வரும், கீழே தெரிந்தால் எலி வரும். கூரைத் திருகுகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் இற்றுப்போவதுதான் பல நேரம் காரணம். அதை மாற்றுங்கள், இல்லையென்றால் சீலன்ட் வையுங்கள். அக்ரிலிக் வகை சீலன்ட் 5 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகக் காயாது. அதனால் அக்டோபரில் நன்றிகூறல் நாள் நீள்விடுமுறை வருகிறதே, அதிலேயே செய்துவிடுவது நல்லது. நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிய பிறகு, வேலை முடிந்து வீடு வரும்போதே இருட்டிவிடும்.

சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சில் நுழையும் இடத்தில் அதுவும் நுழைந்துவிடும். ஃபோமைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும் (அனுபவம்). பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் கம்பி நாரை இறுக்கித் திணித்து மேலே சீலன்ட் பூசுங்கள், அதைக் கடிக்காது. புதினா எண்ணெய் தெளித்தால் ஓடிவிடும் என்பார்கள். என் ஷெட் எலிகளுக்கு அந்த வாசனை பிடித்திருந்தது போல. முக்கியமாகப் புல் விதை, பறவைத் தீனி, நாய்த் தீனி எதையும் மூட்டையாக விட்டு வைக்காதீர்கள். எலிப் புழுக்கையைப் பார்த்தால் உடனே துடைப்பத்தை எடுக்க வேண்டாம். காய்ந்த தூசி மூச்சில் போவதுதான் ஆபத்து. அப்படிப் பரவும் ஹன்டா வைரஸ் இங்கே அபூர்வம், கனடாவில் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில்தான் வந்திருக்கிறது. இருந்தாலும் கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பேப்பர் துண்டால் துடைத்தெடுங்கள்.

ஷெட்டுக்கு அடியில் ஸ்கங்க், ரக்கூன் மாதிரி விலங்கு ஏதாவது குடியிருக்கலாம். அடியைச் சுற்றி வலை அடிப்பதற்கு முன்னால் அந்தப் பொந்தின் வாயில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாகச் செருகி வைத்துச் சில நாள் பாருங்கள். தள்ளிவிட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. உள்ளே வைத்து அடைத்தீர்களென்றால் அந்த நாற்றம் வசந்தம் வரை போகாது.

அடுத்து, ஷெட்டை விட்டு வெளியேற வேண்டியவை. இதை முதல் வருடம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அதனால் தண்ணீர் இருக்கும் எதுவும், தண்ணீரால் ஆன எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மீந்துபோன லேடெக்ஸ் பெயின்ட் (தண்ணீர் கலந்த வகை), மரப் பசை எல்லாம் பேஸ்மென்டுக்கு. ஒரு தடவை உறைந்து உருகிய பெயின்டைத் திறந்தால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக இருக்கும். தோட்டத்து ஹோஸைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து தோளில் போட்டுக்கொண்டே நடந்தால் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும், அப்புறம் சுருட்டித் தொங்கவிடலாம். அதோடு வெளிக் குழாய்க்கு வீட்டுக்குள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளியே திறந்து விடுங்கள். ஷெட்டுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அன்றைக்கே செய்யாவிட்டால் மறந்துபோகும். பிரஷர் வாஷரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. பம்புக்குள் நின்ற ஒரு கை தண்ணீர் உறைந்து உடம்பை விரிசலாக்கிவிட்டது. ஏப்ரலில் ஆன் செய்தால் முனையைத் தவிர எல்லாப் பக்கமும் தண்ணீர் அடித்தது. மண் தொட்டிகளும் இதே போலத்தான் பிளக்கும். மண்ணைக் கொட்டி, காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள்.

டிரில், புல் வெட்டும் மெஷின் இவற்றின் லித்தியம் பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பாதி சார்ஜில் வைத்தால் போதும். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் போட்டால் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுவிடும்.

பெட்ரோல் மெஷின் என்றால், டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள், அப்போதுதான் அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும். இங்கத்திய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். இங்கேயும் அதே எதிரிதான். ஓடவிட்டு ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புல்லைச் சுரண்டி எடுங்கள்.

மீன் பொரிக்கிற வாசனை வீட்டுக்குள் வரக் கூடாது என்று நம்மவர்கள் பின்பக்கம் ஒரு காஸ் அடுப்பு வைத்திருப்போமே, அதன் புரொப்பேன் சிலிண்டரை ஷெட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கராஜுக்குள்ளும் கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். வெளியே, நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். குளிரில் அதற்கு ஒன்றும் ஆகாது, அதன் கொதிநிலையே மைனஸ் 42.

ஹீட்டர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். உள்ளே வெப்பப்படுத்த வேண்டிய எதையும் நீங்கள் மிச்சம் வைக்கப் போவதில்லை. காப்பிடாத தகர ஷெட்டில் எத்தனை வாட் போட்டாலும் சூடு கூரை வழியே போய்விடும், எக்ஸ்டென்ஷன் கார்டில் ஹீட்டரை மாட்டி ஆளில்லாத இடத்தில் ஓடவிடுவது தீ வைப்பதற்குச் சமம். நிரந்தரமாக மின் இணைப்பு இழுப்பதென்றால் ஒன்டாரியோவில் மின்பாதுகாப்பு ஆணையத்திடம் முறையாகப் பதிந்து ஆய்வுக்கு விட வேண்டும். ஒரு ஷெட்டுக்கு இத்தனை தேவையா என்பது என் கட்சி.

இனி ஒரு வேடிக்கை. அதே முதல் வருடம் பனி அள்ளும் மண்வெட்டியையும் உப்பு வாளியையும் ஒழுங்காக ஷெட்டில் அடுக்கி வைத்திருந்தேன். முதல் பெரிய பனி விழுந்த காலையில் பார்த்தால், வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு முன்னால் இரண்டடி பனி. மண்வெட்டியை எடுக்க மண்வெட்டி வேண்டும். சமையலறைத் தட்டால் அள்ளி அள்ளிக் கதவை அடைந்தேன், பூட்டு உறைந்திருந்தது. கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். அது இரண்டு நிமிடத்தில் இன்னும் கெட்டியாக உறைந்தது. பக்கத்து வீட்டு அண்ணா ஒன்றும் சொல்லாமல் தன் மண்வெட்டியை வேலிக்கு மேலே நீட்டினார். குளிர்காலத்தில் தேவைப்படும் சாமான் ஷெட்டில் இருக்கக் கூடாது, முன்வாசலில் இருக்க வேண்டும். பூட்டுக்குள் கொஞ்சம் கிராஃபைட் தூள் போட்டுவிடுங்கள்.

கூரையில் சேரும் பனியையும் கவனியுங்கள். எட்டுக்குப் பத்து கூரையில் ஓரடி புதுப் பனி விழுந்தால் இருநூறு கிலோ அளவுக்கு வரும். ஈரப் பனியென்றால் அறுநூறைத் தாண்டும். மெல்லிய தகரக் கூரை அதற்குச் செய்யப்பட்டதல்ல. நீளக் கைப்பிடி உள்ள கூரை வாருகோல் விற்கிறார்கள், தரையில் நின்றபடியே இழுத்துவிடலாம். ஏணி போட்டு ஏற வேண்டாம். பிப்ரவரியில் கதவு திடீரென்று இடிக்க ஆரம்பித்தால் பயப்படாதீர்கள். அடியிலுள்ள ஈர மண் உறைந்து ஷெட்டைக் கொஞ்சம் தூக்கியிருக்கும், இளகியதும் பெரும்பாலும் இறங்கிவிடும். அவசரப்பட்டுக் கீலைக் கழற்றிச் சரி செய்தால் மே மாதம் மறுபடி கழற்ற வேண்டி வரும்.

கறிவேப்பிலை. ஷெட்டில் வைத்தால் செத்துவிடும். வெளியே என்ன குளிரோ உள்ளேயும் கிட்டத்தட்ட அதேதான், வெளிச்சமும் கிடையாது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போக ஆரம்பித்ததுமே அது வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும், தெற்குப் பார்த்த ஜன்னல் பக்கம். உள்ளே எடுக்கும் முன் இலைகளுக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். உள்ளே வந்ததும் கொஞ்சம் இலை கொட்டும், பதறிப்போய்த் தண்ணீரை அதிகமாக ஊற்றாதீர்கள். உங்களுடையது இன்னும் வெளியே நிற்கிறதென்றால் இன்றைக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். ஷெட் அடுத்த சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளும்.