ரத்தத்தைப் பார்த்துக் கதிர்வீச்சின் அளவைச் சொல்ல முடியுமா?

ராயபுரத்தில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறு மாலை துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள் இவை. குரோமோசோம் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே வயதானவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

சார், மணலியில் பைப்லைன் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கும் குழுவில் ஹெல்ப்பர் நான். போன வாரம் கதிர் வீசும் இரிடியம் சோர்ஸ் கேமராவுக்குள் திரும்பாமல் மாட்டிக்கொண்டது. கதிர்வீச்சை அளக்கும் என் பேட்ஜ் ரூமிலேயே இருந்தது. நேற்று ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி எடுத்தேன், நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

பாதி நிம்மதி. உடம்பு முழுக்க 1 கிரேக்கு (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் பட்டிருந்தால் முதல் இரண்டு நாளிலேயே லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். விபத்து நடந்த உடனே சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்திருந்தால் அந்தச் சரிவைப் பார்த்தே டோஸை, அதாவது பட்ட அளவை, ஊகிக்கலாம். ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை எடுத்த சிபிசி, பெரிய டோஸ் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். 0.2 கிரே பட்டிருந்தால் அதில் எதுவும் தெரியாது.

உங்களுக்குத் தேவை டைசென்ட்ரிக் பரிசோதனை. கதிர்வீச்சு குரோமோசோமை உடைக்கும். உடைந்த இரண்டு துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொண்டால், ஒரு சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு) இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வந்துவிடும். அதுதான் டைசென்ட்ரிக். லிம்போசைட்டுகளை 48 மணி நேரம் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயம் ஏற்றி எண்ணுவோம். கதிர்வீச்சே படாதவர்களிடம் 1000 செல்லுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அதிகமாக இருந்தால், எந்த டோஸுக்கு எத்தனை என்று ஆய்வகம் முன்பே போட்டுவைத்த வரைபடத்தில் வைத்து டோஸைக் கணக்கிடலாம். ஒரு வாரம் தாமதம் இதற்குக் கெடுதல் இல்லை.

ஆனால் ஒன்று. இந்தப் பரிசோதனை கண்டுபிடிக்கும் குறைந்தபட்ச அளவே சுமார் 0.1 கிரே, அதாவது காமா கதிருக்கு 100 மில்லிசீவர்ட் (பாதுகாப்பு வரம்புகளைச் சொல்லும் அலகு). உங்களைப் போன்ற தொழிலாளிக்கு இந்தியாவில் அனுமதி ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30. ஆக ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் வரம்பு மீறவில்லை என்று அர்த்தம் கிடையாது. அதைச் சொல்லியிருக்க வேண்டியது சட்டைப்பையில் இருந்திருக்க வேண்டிய பேட்ஜ்தான். ஆர்எஸ்ஓவிடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) இன்றே எழுத்தில் கொடுங்கள், தம்பி. தெருமுனை லேபில் இந்தப் பரிசோதனை கிடையாது. முறையாகப் புகார் போனால்தான் ரத்தம் சரியான ஆய்வகத்துக்குப் போகும். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், ஐஸில் வைக்க வேண்டாம். செல் உயிரோடு வந்தால்தான் வளரும்.

அதே தம்பி: சோர்ஸ் பக்கத்தில் கை போயிருந்தால்?

கையில் பல கிரே பட்டுத் தோல் வெந்தாலும், மொத்த ரத்தத்தின் சராசரி குறைவாகத்தான் வரும். பெரும்பாலான செல்கள் சுத்தமாக இருக்க, சிலவற்றில் மட்டும் டைசென்ட்ரிக் கொத்தாக இருந்தால் உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் பட்டது என்று புரிந்துகொள்வோம். சிவப்பு, வீக்கம், கொப்புளம் சில வாரம் கழித்தும் வரலாம். தினமும் கையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: பையனுக்குத் தலையில் சிடி எடுத்தோம். ரத்தத்தில் கதிர்வீச்சு தங்கியிருக்கிறதா என்று பார்க்கலாமா?

தங்காதும்மா. லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லை அல்லவா? தலை சிடி 2 மில்லிசீவர்ட் அளவுதான். பணத்தை வீணாக்காதீர்கள், படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சுத்திகரிப்பு ஆலையில் பென்சீன் பக்கம் வேலை. அதுவும் குரோமோசோமைக் கெடுக்குமாமே, குழப்பாதா?

நல்ல கேள்வி. செல்லுக்குள் உதிரியாகக் கிடக்கும் குட்டி உட்கருக்களை எண்ணும் மைக்ரோநியூக்ளியஸ் பரிசோதனையில் குழப்பும். வயது ஏறினாலே அந்த எண்ணிக்கை கூடும், ரசாயனமும் கூட்டும். டைசென்ட்ரிக் அப்படி இல்லை. ப்ளியோமைசின் மாதிரி சில மருந்துகளை விட்டால் பெரும்பாலும் கதிர்வீச்சின் கைவரிசைதான். இத்தனை புதிய முறைகள் வந்தும் அது இன்னும் முதலிடத்தில் இருப்பது இதனால்தான்.

செல்போன் டவர்?

அது குரோமோசோமை உடைக்கும் வகையான அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லை. அடுத்த சீட்டு.

அப்பா 20 வருடம் முன்பு ரேடியோகிராஃபர். இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

டைசென்ட்ரிக் உள்ள செல்கள் காலப்போக்கில் அழிந்துவிடும், சில வருடத்திலேயே எண்ணிக்கை பெரிதும் குறையும். துண்டுகள் குரோமோசோம் மாறி ஒட்டும் இடமாற்றம் என்ற வேறு வகை மாற்றம் நிலைத்து நிற்கும். ஃபிஷ் முறையில் குரோமோசோமுக்கு நிறமேற்றிப் பார்க்கலாம். ஆனால் வயதும் புகையும் அதையும் கூட்டுவதால், சிறிய டோஸ் என்றால் பிரித்துச் சொல்வது கஷ்டம். அவருடைய பழைய பேட்ஜ் பதிவுகளைத் தேடுங்கள்.

கொடுங்கையூரில் பழைய இரும்புக் கடை. எங்களுக்கு என்ன ஆபத்து?

2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள் அண்ணே. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியில் கதிர் வீசும் கோபால்ட்-60 இருந்தது. காயலான் கடையில் பிரித்தார்கள், ஒருவர் இறந்தார். 1987இல் பிரேசிலின் கோயானியாவிலும் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியைப் பழைய இரும்பாக விற்றதில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கே யாருக்கு எவ்வளவு டோஸ் என்று கணக்கிட, டைசென்ட்ரிக் எண்ணிக்கைதான் பெரிதும் உதவியது. யார் கழுத்திலும் பேட்ஜ் இல்லையே. உருவத்துக்கு மீறிக் கனக்கும் உருளை, கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம், இரண்டில் எதைப் பார்த்தாலும் உடைக்க வேண்டாம். தள்ளி நின்று போலீஸுக்குச் சொல்லுங்கள். தொட்ட பையனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எதைத் தொட்டான் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.