மெட்ரிக் சலுகை பல்கலைக்கழகத்துக்குத் தானாக வராது

அக்கா, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதும் உங்கள் மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு. பள்ளித் தேர்வில் கொடுத்த கூடுதல் நேரம் பல்கலைக்கழகத்திலும் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், ஆனால் தானாக வராது. பள்ளியில் டீச்சர் ஓடியாடி எழுதி வாங்கினார். அங்கே பையனே போய்க் கேட்க வேண்டும்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் கூடுதல் நேரம் கேட்க வெட்கப்பட்டு முதல் டெஸ்ட் வரை வாயே திறக்கவில்லை. கடைசி இரண்டு கேள்விகளும் வெள்ளைத் தாளாகவே போயின. அப்புறம்தான் அழுதுகொண்டே போய்க் கேட்டாள்.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இடம் கிடைத்ததுமே, வகுப்பு தொடங்கும் முன்பே, அங்கே பேசிவிடுங்கள். உளவியலாளர் அறிக்கை, மெட்ரிக் சலுகைக் கடிதம் இரண்டையும் நகலெடுத்து வையுங்கள். அறிக்கை பழையதென்றால் புதிது வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம். தனியாரிடம் போனால் செலவு கையைக் கடிக்கும், அதனால் இப்போதே விசாரியுங்கள்.

பண விஷயம்: என்எஸ்ஃபாஸில் (அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம், NSFAS) வழக்கமான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ராண்ட். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது 6,00,000. வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். அதற்குரிய மருத்துவப் படிவத்தையும் மறக்காமல் இணையுங்கள்.

முதல் முறை பேச நீங்கள் கூடப் போகலாம். பேச்சை மட்டும் பையனிடம் விடுங்கள்.